காத்திருக்கச் செய்யும் இசை



பௌதிகம் படித்தவர்கள் லெய்டன் என்னும் ஊர்ப்பெயரை மறந்திருக்க மாட்டார்கள். மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் முதற்கருவிக்கு லெய்டன் ஜாடி என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நாம் காட்டுகிற ஜாடியின் உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டியிருக்கும். உள்தகட்டுக்கு மின்னேற்றத்தைச் சிறுகச் சிறுகச் செலுத்துவோம். பார்த்துக்கொண்டிருக்கும் மாணவனுக்கு அங்கே ஒன்றும் நடப்பதாகத் தோன்றாது, கொட்டாவி விடுவான். பின்பு வளைந்த கம்பியொன்றால் இரு தகடுகளையும் இணைத்தவுடன் பளிச்சென்று பொறி பறக்கும். கொட்டாவி விட்டவன் துள்ளி எழுவான். நெதர்லாந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1746ஆம் ஆண்டு மூசன்புரூக் என்ற பேராசிரியர் இத்தகைய சோதனையைச் செய்து அறிவித்தமையால், அவ்வூரின் பெயரே கருவிக்கும் நிலைத்துவிட்டது.

அதே லெய்டன் நகரில் 1976ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பிறந்த ஒருவரைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். அவர் விஞ்ஞானி அல்லர், இசைஞர். ஆர்மின் வான் பியூரன் என்பது அவர் பெயர். மின்கருவிகளால் ஆக்கப்பெற்று நடன அரங்குகளில் ஒலிக்கும் 'டிரான்ஸ்' என்ற இசைவகையில் உலகப் புகழ் பெற்றவர். ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவனுக்கும் நடன அரங்கின் இசைக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அந்த உறவு ஒரு தவற்றில் தொடங்கியது. தவறு என்னுடையது.

2012ஆம் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் வெள்ளிக்கிழமைதோறும் முதற்பாட வேளையில் உறங்கி விழுவான். மற்ற நாள்களில் விழிப்பாகவே இருப்பான். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து கைப்பேசியைப் பறித்தேன். முதல் நாள் இரவெல்லாம் அவன் கேட்டுக்கொண்டிருந்தது என்ன என்று வகுப்பறிய வேண்டும் என்ற எண்ணத்துடன், அதிலிருந்த ஓர் இசைப் பகுதியை முதலிலிருந்து ஓடவிட்டேன். டும், டும், டும், டும் என்று ஒரே அடி. அரை நிமிடம் பொறுத்தேன். மீண்டும் அதே அடி. "யாரோ கதவைத் தட்டுகிறான், வீட்டில் எவரும் இல்லை போலும்" என்று சொல்லி நிறுத்தினேன். வகுப்பு முழுதும் சிரித்தது. அவன் தலை குனிந்துகொண்டான். ஆசிரியப் பயிற்சியில் முதலாண்டிலேயே எங்களுக்குச் சொல்லித்தந்தது, ஒரு மாணவனைப் பிறர் நடுவே நகைக்கு இடமாக்காதே என்பது. அன்று நான் அதனை மறந்தேன்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 2021 தை மாதத்தில், அதே பையன் தன் திருமணப் பத்திரிகையுடன் என் வீட்டுக்கு வந்தான். எங்கள் வட்டாரத்தில் சவுண்டு சர்வீஸ் என்பார்களே, அந்தத் தொழில் செய்துவருவதாகச் சொன்னான். காப்பி அருந்தும்போது, என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்: "தம்பி, அன்று நீ கேட்ட அந்த இசை என்ன?" அவன் சிரித்தான். "ஐயா, அன்று நீங்கள் கதவு என்று சொன்னது சரிதான். அது கதவுதான். நீங்கள் உள்ளே வருவதற்குள் நிறுத்திவிட்டீர்கள்" என்றான். எட்டு நிமிட இசையில் நான் கேட்டது அரை நிமிடம். அடுத்த சில மாதங்கள் அவன் ஆசிரியனாகவும் நான் மாணவனாகவும் இருந்தோம். அவனிடம் கற்றதையும் பிறகு நானே தேடிப் படித்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

டிரான்ஸ் என்ற சொல்லுக்கு மெய்ம்மறந்த நிலை என்று பொருள். இவ்விசை 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜெர்மனியில், குறிப்பாக பிராங்க்பர்ட் நகரத்து நடன அரங்குகளில் உருப்பெற்றது. சில ஆண்டுகளுக்குள் அதன் தலைமை பக்கத்து நாடாகிய நெதர்லாந்துக்கு மாறிற்று. டியஸ்டோ, ஃபெர்ரி கார்ஸ்டன், பியூரன் என்று ஒரே தலைமுறையில் பலர் அச்சிறு நாட்டினின்று தோன்றினர். இது தற்செயல் அன்று என்பது என் கருத்து. ஐந்தோவன் நகரத்திலுள்ள பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலேயே டிக் ராய்மாக்கர்ஸ், டாம் டிஸ்ஸவெல்ட் என்னும் இருவர் மின்னலைகளைக் கொண்டு இனிய பாட்டுகளை ஆக்க முயன்றனர். ராய்மாக்கர்ஸ் 1957இல் 'இரண்டாம் நிலவின் பாடல்' என்ற படைப்பை ஆக்கினார். அதற்கு அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் கிட் பால்டன். டிக் என்ற தம் பெயரையும் நாட்லாப் என்ற ஆய்வுக்கூடத்தின் பெயரையும் எழுத்தெழுத்தாகத் திருப்பிப் படித்தால் வருவது அது. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களுக்கும் விளையாட்டுப் புத்தி உண்டு.

வானொலியிலிருந்து பேசுகிறேனாகையால் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. அந்நாட்டு இளைஞர்கள் 1960 முதல் 1974 வரை 'ரேடியோ வெரோனிகா' என்ற நிலையத்தைக் கேட்டு வளர்ந்தனர். அந்நிலையம் நாட்டில் இல்லை. கரைக்கு அப்பால் வடகடலில் நங்கூரமிட்ட கப்பலில் இருந்தது! சட்டம் இயற்றித்தான் அதனை நிறுத்த வேண்டியதாயிற்று. விரும்பிய இசையை எங்கிருந்தேனும் கேட்டே தீருவது என்ற பிடிவாதம் அம்மக்களுக்குப் பழக்கமானது என்பதற்காகச் சொன்னேன்.

பியூரன் வளர்ந்தது லெய்டனுக்கு அருகிலுள்ள கௌடெகெர்க் என்ற சிற்றூரில். இசைப்பற்று மிகுந்த குடும்பம். தம்பி எல்லெர் கிதார் வாசிப்பவர்; பின்னாளில் தமையனுடன் மேடையேறியவர். பள்ளிப் பருவத்திலேயே பியூரனுக்குக் கணிப்பொறியும் இசையும் ஒருங்கே பிடித்துவிட்டன. பிரெஞ்சு நாட்டு மின்னிசைஞர் ஜான்-மிஷெல் ஜார் அவர் மனத்தைக் கவர்ந்தார். வழிகாட்டியாக வாய்த்தவர் பென் லீப்ராண்ட் என்ற டச்சுக்காரர். ஓராண்டில் வெளிவந்த பாட்டுகளையெல்லாம் துண்டு துண்டாக எடுத்து ஒரே மாலையாகக் கோத்து ஆண்டிறுதியில் வானொலியில் ஒலிபரப்பியவர் இந்த லீப்ராண்ட். பாட்டைக் கேட்பது ஒன்று, இரு பாட்டுகளைத் தையல் தெரியாமல் இணைப்பது வேறொன்று என்பதைச் சிறுவன் பியூரன் அங்கே கண்டுகொண்டான்.

பள்ளிப்படிப்பை 1995இல் முடித்து, லெய்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயிலச் சேர்ந்தார். அது 1575இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம். பகலில் சட்டம், இரவில் அவ்வூரிலுள்ள நெக்சஸ் என்ற அரங்கில் இசைத்தட்டு இயக்குதல். விடுமுறைக் காலங்களில் வாரத்துக்கு நான்கு இரவுகள், ஒவ்வோர் இரவும் ஆறு ஏழு மணி நேரம் தொடர்ந்து இசைத்திருக்கிறார். 1997இல் 'புளூ ஃபியர்' என்ற அவருடைய படைப்பு வெளிவந்தபோது வயது இருபதை ஒட்டியிருந்தது. 1999இல் வந்த 'கம்யூனிகேஷன்' பிரிட்டன் வரை சென்று, மறு ஆண்டில் அந்நாட்டு விற்பனை வரிசையில் முதல் இருபது இடங்களுக்குள் நின்றது. உலகம் கூப்பிடத் தொடங்கிவிட்டது. இத்தகைய நேரத்தில் படிப்பை விட்டவர்கள் பலரை நாம் அறிவோம். பியூரன் விடவில்லை, தாமதமாயிற்று, ஆனால் 2003இல் சட்டப் படிப்பை முடித்தார். அதே ஆண்டில்தான் '76' என்ற அவருடைய முதல் இசைத்தொகுப்பும் வெளிவந்தது. பிறந்த ஆண்டையே பெயராக வைத்திருக்கிறார். அதே ஆண்டில்தான் மேக்கல் பிரோன், டேவிட் லூயிஸ் என்னும் இருவருடன் சேர்ந்து ஆர்மடா என்ற பதிப்பு நிறுவனத்தையும் தொடங்கினார். ஆர்மின், மேக்கல், டேவிட் என்ற மூன்று பெயர்களின் தலைப்பகுதிகளை ஒட்டினால் ஆர்மடா. கப்பற்படை என்றும் அதற்குப் பொருள் உண்டு. தலைமையாசிரியர்களுக்கே உரிய அற்ப மகிழ்ச்சியுடன் அந்தப் பட்டத்தைக் குறிப்பிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவரைப் 'பிரொடியூசர்' என்று குறிப்பிடுகிறார்கள். திரைப்படத் துறையில் அச்சொல்லுக்குப் பணம் போடுபவர் என்று பொருள். இத்துறையிலோ மெட்டமைப்பவர், வாசிப்பவர், ஒலியை உண்டாக்குபவர், பதிவு செய்து மெருகிடுபவர் ஆகிய நால்வரும் ஒருவரே, அவருக்குத்தான் அப்பெயர். ஒரு பாடகரோ பாடகியோ மட்டும் வெளியிலிருந்து வரலாம்.

இனி அந்தக் கதவுக்கு உள்ளே செல்வோம். டிரான்ஸ் இசையின் அடித்தளம், நாலடிக்கு நாலு என்று சமமாக விழும் பறையொலி. நிமிடத்திற்கு 125 முதல் 150 அடி வரை அதன் விரைவு. பியூரனின் அன்பர்களுக்கு 138 என்ற எண்ணின்மேல் தனிப் பற்று. அந்த எண்ணையே பெயரில் கொண்ட ஒரு கிளைப் பதிப்பகத்தை அவர் நிறுவனம் 2013இல் தொடங்கிற்று. முதல் ஒரு நிமிடம் ஏறத்தாழ அடி மட்டுமே ஒலிக்கும். அன்று நான் எள்ளி நகையாடிய பகுதி இதுதான். ஏன் இப்படி? காரணம் இசைக்கலையில் இல்லை, தொழிலில் இருக்கிறது. அரங்கில் ஓர் இசைத்தட்டு முடிவதற்கு முன்பே அடுத்ததைத் தொடங்கி, இரண்டையும் ஒரு நிமிடம் ஒன்றாக ஓடவிட்டு, கேட்பவர் அறியாதபடி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்த வேண்டும். இரண்டிலும் மெட்டு இருந்தால் மோதும். ஆகையால் முதலும் கடையும் வெறும் அடியாக விடப்படுகின்றன. தச்சன் பலகையின் விளிம்பில் நாக்கும் பள்ளமும் வைப்பதில்லையா, அதைப் போல.

இரண்டின் விரைவும் ஒன்றாக வேண்டுமே, அதற்கு என் செய்வது? ஒன்று நிமிடத்திற்கு 136 அடி, மற்றது 138 என்று வைத்துக்கொள்வோம். முன்னதை நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு விரைவாகச் சுழலச் செய்தால் இரண்டும் சேரும். 1979இல் வந்த டெக்னிக்ஸ் நிறுவனத்தின் சுழல்மேடையில் இதற்கென்றே ஒரு நகர்த்தி உண்டு. இரு பக்கமும் நூற்றுக்கு எட்டு வரை மாற்றலாம். ஆனால் தட்டு விரைந்து சுழன்றால் சுருதியும் ஏறுமல்லவா? நூற்றுக்கு ஆறு விரைந்தால் ஏறத்தாழ ஓர் அரைச்சுரம் ஏறிவிடும். எனவே எந்தப் பாட்டுக்குப் பின் எதைக் கோக்கலாம் என்பதற்கு அடிக்கணக்கும் வேண்டும், சுருதிஞானமும் வேண்டும். வாரத்துக்கு நான்கு இரவுகள் நெக்சஸ் அரங்கில் பியூரன் பழகியது இதனைத்தான். பிற்காலத்தில் கணிப்பொறி இவ்வேலையை எளிதாக்கிவிட்டது. வாய்பாடு தெரிந்தவனுக்குக் கணக்குப்பொறி கிடைப்பதற்கும் தெரியாதவனுக்குக் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு.

அடிக்குப் பின் ஒவ்வோர் எட்டுச் சுற்றுக்கும் ஒரு புதிய ஒலி சேரும். அடித்தந்தியின் முனகல் ஒன்று. ஓரடிக்கு நான்காகத் தெறித்து ஓடும் சுரவரிசை ஒன்று. ஒவ்வொன்றும் மங்கலாகத் தொடங்கி மெல்லமெல்லத் துலங்கும். மூன்றாம் நான்காம் நிமிடத்தில் திடீரென்று பறை நின்றுவிடும். இதுதான் அவ்விசையின் கருவறை. வெளியில் அத்தனை ஆரவாரமும் ஓய்ந்து, நீண்ட சுரக்கட்டுகள் மட்டும் மிதந்து நிற்க, அவற்றின்மேல் மெட்டு முதன்முறையாக முழுதாக வெளிப்படும். பெரும்பாலும் துயரச் சாயல் படிந்த மெட்டு. இங்கே கணக்கு ஒன்று பாருங்கள். நாலடி கொண்ட சுற்றுகள் 32 என்றால் 128 அடி. நிமிடத்திற்கு 128 அடி விரைவில் சரியாக ஒரு நிமிடம். 138 விரைவில் ஏறத்தாழ 56 வினாடி. ஆயிரக்கணக்கானவர்கள் ஆடிக்கொண்டிருக்கும் அரங்கில் ஆட்டத்துக்கு உரிய அடியை ஒரு நிமிடம் எடுத்துவிடுவதென்றால் எத்தனை துணிவு! மக்கள் கையை உயர்த்திக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். பிறகு சிறுபறை உருளத் தொடங்கும், அடிக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று நெருங்கும், சுருதி மேலேறும், ஒரு கணம் எல்லாம் அற்றுப்போகும். அதன்பின் பறையும் மெட்டும் ஒருங்கே வந்து விழும். லெய்டன் ஜாடியில் கம்பியைத் தொடுவிக்கும் கணம் அது. ஜாடியை நிரப்பாமல் கம்பியைத் தொடுவித்தால் பொறி இல்லை. மூன்று நிமிடம் கேளாதவனுக்கு நான்காம் நிமிடத்தின் மெட்டு வெறும் மெட்டுத்தான்.

அந்த மெட்டின் ஒலி ஏன் அவ்வளவு அகலமாக, ஒரு கூட்டமே பாடுவதுபோல் கேட்கிறது என்று வியந்தேன். விடை பத்தாண்டுகள் நான் நடத்திய பாடத்திலேயே இருந்தது. 440 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட இசைக்கவையையும் 442 ஹெர்ட்ஸ் கொண்டதையும் ஒன்றாகத் தட்டினால், ஒலி வினாடிக்கு இருமுறை ஏறி இறங்கும். இதற்கு விம்மல்கள் என்று நம் பாடநூலில் பெயர். எவ்வளவு பொருத்தமான சொல்! ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் 1996இல் வெளியிட்ட ஜேபி-8000 என்ற சின்தசைசரில், இரம்பத்தின் பல்வரிசை போன்ற வடிவுடைய அலைகள் ஏழினை ஒரே விசையில் எழுப்பும் அமைப்பு உண்டு. நடுவில் ஒன்று சரியான சுருதியில் நிற்கும். மற்ற ஆறும் அதற்குச் சற்று மேலும் கீழுமாக விலகி நிற்கும். ஏழும் ஒன்றோடொன்று விம்முகின்றன. பிசகில்லாத சுருதியில் ஏழும் நின்றிருந்தால் ஒலி பெருக்குமேயன்றி அகலாது. இந்த 'சூப்பர்சா' ஒலி அக்காலத்து டிரான்ஸ் இசைக்கெல்லாம் முத்திரையாயிற்று. இயந்திரம் உயிரற்றது என்று குறைகூறிவந்த எனக்கு, சிறு பிசகைத் திட்டமிட்டு வைத்தே அதற்கு உயிரூட்டியிருக்கிறார்கள் என்பது புதிய பாடமாக இருந்தது.

(செவிக்கருவி பொருத்திக் கேட்பவர்கள் ஒலியைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.)

பியூரனுடைய தனித்தன்மை யாது? இவ்வமைப்பு அவர் கண்டுபிடித்ததன்று. டிரான்ஸ் இசைஞர் அனைவர்க்கும் பொது. அவர் அதில் பாட்டைக் குடியேற்றினார். முதல் தொகுப்பில் ஜஸ்டின் சூய்சா பாடிய 'பர்ன்டு வித் டிசையர்', 2008இல் ஷாரன் டென் ஆடெல் பாடிய 'இன் அண்டு அவுட் ஆஃப் லவ்' ஆகியவற்றைக் கேட்டால் விளங்கும். டென் ஆடெல் ராக் இசைக்குழு ஒன்றின் பாடகி. நடன அரங்குக்கு உரியவர் அல்லர். அவருடைய மெல்லிய உயர்ந்த குரல் அடி ஓய்ந்த இடத்தில் எழும்போது, பறைக்காகக் காத்திருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. அரங்குகளில் ஆடுவோர் வாக்களிக்கும் 'டீஜே மாக்' என்ற பிரிட்டிஷ் இதழின் ஆண்டு வரிசையில் 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு முறையும், 2012இல் மீண்டும் ஒருமுறையும் அவர் முதலிடம் பெற்றார். அந்த எண்ணிக்கையை நான் பெரிதாகக் கொள்வதில்லை.

நான் பெரிதாகக் கொள்வது அவருடைய வானொலி நிகழ்ச்சியை. 2001இல் 'எ ஸ்டேட் ஆஃப் டிரான்ஸ்' என்ற பெயரில் வாரம் இரண்டு மணி நேர நிகழ்ச்சி ஒன்றை அவர் தொடங்கினார். ஒலிபரப்பிய நிலையம் 2004இல் தன் இசைப்போக்கை மாற்றிக்கொண்டது. அவர் வேறு நிலையத்துக்கு மூட்டையைக் கட்டினார். பின்னர் இணைய வானொலி வழியே உலகெங்கும் கேட்கப்பட்டது. அங்கே வியாழக்கிழமை இரவு எட்டு மணி என்றால் நமக்கு நள்ளிரவை ஒட்டிய நேரம். கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. என் மாணவன் வெள்ளிக்கிழமை காலையில் ஏன் உறங்கினான் என்ற கணக்குக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து விடை கிடைத்தது.

அந்நிகழ்ச்சியில் தம் படைப்புகளை மட்டும் அவர் ஒலிபரப்பவில்லை. எவரும் பெயர் அறியாத இளைஞர்கள் வீட்டறையில் ஆக்கி அனுப்பியவற்றை, அவை விற்பனைக்கு வருமுன்பே ஒலிபரப்பினார். வாரந்தோறும் கேட்பவர்கள் வாக்களித்துத் தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தனர். லீப்ராண்டின் வழியில், 2004 முதல் ஆண்டுதோறும் அவ்வாண்டின் இசையைக் கோத்து ஒரு மாலையும் வெளியிட்டுவந்தார். இந்நிகழ்ச்சி 500ஐ எட்டியபோது, 2011இல், ஜோகன்னஸ்பர்க், மயாமி, புவனோஸ் அயர்ஸ், டென் பாஷ், சிட்னி ஆகிய ஊர்களில் விழா எடுத்தார்கள். ஆயிரமாவது நிகழ்ச்சி 2021 ஜனவரியில் ஒலித்தது. என் மாணவன் பத்திரிகை கொண்டுவந்தது அந்த மாதத்தில்தான். அவன் முகத்தில் திருமணக் களையோடு ஆயிரத்தின் களையும் சேர்ந்திருந்ததென்று இப்போது தோன்றுகிறது. வாரம் இரண்டு மணி வீதம் ஆயிரம் நிகழ்ச்சிகள் என்றால் 2000 மணி. இரவும் பகலும் நிறுத்தாமல் கேட்டால் 83 நாள். நானும் வகுப்பறையில் ஏறத்தாழ அத்தனை ஆண்டுகள் மணி அடித்தவுடன் நுழைந்திருக்கிறேன். ஒருவன் வாரந்தோறும் குறித்த நேரத்தில் வந்து நிற்பது எளிதன்று என்பதை அறிவேன்.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் நெதர்லாந்தின் மன்னராக வில்லெம்-அலெக்சாண்டர் பொறுப்பேற்றார். அந்நாட்டில் மன்னருக்கு முடி சூட்டுவதில்லை. உறுதிமொழி ஏற்பதோடு சரி. அன்று மாலை மன்னர் குடும்பம் ஆம்ஸ்டர்டாம் நகரத்து நீர்ப்பரப்பில் படகில் உலா வந்தபோது, 1888இல் நிறுவப்பெற்ற புகழ்மிக்க கன்செர்ட்கெபௌ இசைக்குழுவும் பியூரனும் ஒரே மேடையில் இசைத்தனர். மன்னரும் அரசியும் பெண்மக்களும் படகினின்று இறங்கி அம்மேடைக்கே வந்துவிட்டனர். வயலின் வாசிப்பவர்களுக்கு நடுவே சின்தசைசருடன் ஒருவர் நிற்பதை நாடே பார்த்தது. இரவரங்குகளில் பிறந்த இசை பட்டப்பகலில் அரசவை ஏறியதென்று சொல்வதில் பிழையில்லை.

ஆனால் அதே ஆண்டில்தான் எனக்குச் சற்று மனத்தாங்கலும் உண்டாகிறது. கனடா நாட்டுப் பாடகர் டிரெவர் கத்ரியுடன் அவர் ஆக்கிய 'திஸ் இஸ் வாட் இட் ஃபீல்ஸ் லைக்' அவ்வாண்டு உலகெங்கும் பரவியது. கிராமி விருதுக்கும் முன்மொழியப்பட்டது. நல்ல பாட்டு. கேட்டவுடன் பிடித்துவிடுகிறது. அதுதான் அதன் குறை என்பேன். மூன்றரை நிமிடத்துக்குள் எல்லாம் வந்து போய்விடுகிறது, காத்திருக்க இடமில்லை. 2018இல் வெளிவந்த 'பிளா பிளா பிளா'வில் பறை வந்து விழும் கணம் மட்டுமே மீண்டும் மீண்டும் வருகிறது. நிரப்பாத ஜாடியில் கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருக்கிறது. பழைய அன்பர்கள் பலர் அவரை நொந்துகொண்டதில் நியாயம் இருக்கிறது. என் மாணவன் இதனை ஒப்பவில்லை. "பெரிய மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் நிற்கும்போது அதுதான் வேண்டும் ஐயா, ஒலிபெருக்கி கட்டுகிற எனக்குத் தெரியும்" என்கிறான். ஒலிபெருக்கி கட்டாத எனக்கு மறுமொழி இல்லை. அவர் அந்தப் பெரிய அரங்குகளுக்குச் சென்றது உண்மை; 2017 மே மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் கால்பந்து அரங்கில் இரண்டு இரவுகள் தனியொருவராக நிகழ்ச்சி நடத்தினார். வியாழக்கிழமை நிகழ்ச்சியை அதற்காக அவர் கைவிடவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

மாணவர்களுள் எவரேனும் கேட்க விரும்பினால் 1997இன் 'புளூ ஃபியர்', 1999இன் 'கம்யூனிகேஷன்' இரண்டிலும் தொடங்குங்கள். சுருக்கிய வடிவங்களை விட்டு, முழு நீள வடிவத்தைத் தேடுங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அடி நிற்கும் இடத்தில் கையிலுள்ள வேலையை நீங்களும் நிறுத்திவிடுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மாணவன் மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் வந்திருந்தான். பேசிக்கொண்டிருந்தவன், தயங்கித் தயங்கி, தானே ஓர் இசைப்பகுதி ஆக்கியிருப்பதாகச் சொன்னான். கைப்பேசியை மேசைமேல் வைத்து ஓடவிட்டான். டும், டும், டும், டும். ஒரு நிமிடம் கடந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவது நிமிடத்தில் குழந்தை அழுதது. அவன் மனைவி அதனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குச் சென்றாள். ஏழரை நிமிடத்துக்கு நான் வாய் திறக்கவில்லை.